பௌல் ஆட்டத்துக்கு நாள் பார்த்துச் சொன்னேன்

வால்ட் என் மேசைமேல் ஒரு பர்த் சர்ட்டிபிகேட்டை வைத்தார். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்துபோன காகிதம். மேலே ஏதோ ஒரு டெக்சஸ் ஆஸ்பத்திரியின் முத்திரை. கீழே பிறந்த குழந்தையின் இரண்டு பாதங்களை மையில் தோய்த்து ஒற்றியெடுத்த ரேகை.

"கெவின் பொறந்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. அவன் அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். நிமிஷம்கூட முக்கியம்னு எங்கேயோ படிச்சேன்," என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதுக்கு வால்ட்?" என்றேன்.

அவர் ஆபீஸில் நான் உட்காருகிற தடுப்புக்குள் இன்னும் ஓரடி வந்து, குரலைத் தணித்துக்கொண்டார். "சனிக்கிழமை பௌல் ஆட்டம். அவன் இறங்கலாமா, கூடாதா? நீ பார்த்துச் சொல்லு."

வால்ட் என் மேலதிகாரி. சான்டா கிளாராவில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இருபது இன்ஜினியர்களை மேய்த்தவர். ஒரு ஸ்க்ரூவை மாற்றுவதென்றாலும் மூன்று தடவை டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார். அந்த மனுஷன் மகனுடைய பிறந்த நேரத்தோடு என் முன்னால் நிற்கிறார். இவர் சொன்னதையெல்லாம் பைபிள் வசனம் மாதிரி எடுத்துக்கொண்டவன் நான். இப்போது அவர் என்னிடம் கேட்கிறார்.

விஷயம் இதுதான். அவர் மகன் கெவின் காலேஜ் அணியில் எதிராளியை மோதித் தடுக்கிற இடத்தில் ஆடுகிறவன். மூன்று வாரம் முன்னால் ஒரு மோதலில் அவனுக்கு வலது தோளிலிருந்து விரல் நுனி வரை தீப்பிடித்தது போல எரிந்து, கை அப்படியே செத்துப்போயிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. டீம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஆடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. அதை அவன் டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அவனுக்கு இது கடைசி வருஷம். இனிமே பௌல் ஆட்டம் அவன் வாழ்க்கையில வராது," என்றார் வால்ட். "வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது?"

எனக்கே ஜாதகம் கிடையாது

நியாயமாக நீங்கள் இப்போது ஒன்று கேட்க வேண்டும். பாளையங்கோட்டைச் சர்ச் தெருவில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பரிசு வாங்கி, ஒரு போதகர் மகளைக் கட்டிக்கொண்ட இந்தச் செல்வினுக்கும் ஜோசியத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு ஜாதகமே எழுதவில்லை. மேஷம் எது, மீனம் எது என்று கேட்டால் முழிப்பேன்.

எல்லாம் ஒரு காலண்டரால் வந்த வினை.

ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ மளிகைக் கடையில் பருப்பு வாங்கப்போன இடத்தில், கடைக்காரர் மெட்ராஸிலிருந்து வந்த தினசரி காலண்டர் ஒன்றைச் சும்மா கொடுத்தார். மேலே பெரிய பிள்ளையார் படம். வீட்டுக்குள் கொண்டுபோனதும் ஹெப்சி, அதாவது என் மனைவி, அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு நமக்கு? எங்கப்பா வந்தா என்ன நெனப்பாங்க?" என்றாள். அவள் அப்பா இருந்தது நாசரேத்தில். அவர் கலிபோர்னியாவுக்கு வருகிற யோசனையே அப்போது கிடையாது. ஆனாலும் எனக்கு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்த நாளில் கையால் தொட்டுப் படிக்க அங்கே தமிழ் எழுத்து எங்கே இருந்தது? ஆபீசுக்குக் கொண்டுபோய் என் தடுப்பில் மாட்டிவிட்டேன்.

தினமும் காலையில் தாளைக் கிழிக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தாளில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல் போட்டிருக்குமே, லாபம், பகை, சுகம், அலைச்சல் என்று, அதை ஒருநாள் விளையாட்டாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரத்திலிருந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு, செல்வின் என்ற பெயரையும் சுருக்கி, "செல், எனக்கு இன்னைக்கு என்ன?" என்று வரிசையாக வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் சுகமாக இருந்தது. அதுவரை மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது அவர்களே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விடுவேனா?

ரதம் ஓடிய மைதானம்

பௌல் ஆட்டம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விலகிப் போகிறேன். போன வாரம் நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பழகிய கதையில் விலகிப்போய்த் திரும்பி வரவேயில்லை என்று என் மைத்துனர் போனில் குறைபட்டுக்கொண்டார். இந்தத் தடவை கட்டாயம் திரும்பி வருவேன்.

காலேஜ் பையன்களின் ஃபுட்பால், அதாவது நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம், அதன் பருவம் முடிந்ததும், குளிர்காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, நன்றாக ஆடிய இரண்டு அணிகளை ஏதாவதொரு ஊர் கூப்பிட்டு மோதவிடும். அதுதான் பௌல். மைதானம் கிண்ணம் மாதிரி இருந்ததால் வந்த பெயர். இதைத் தொடங்கியது விளையாட்டுப் பைத்தியம் அல்ல, ஊர்ப் பெருமை. வடக்கே பனியில் நடுங்குகிறவர்களுக்கு, பாருங்கள் எங்கள் ஊரில் டிசம்பரிலும் வெயில் என்று காட்டுவதற்காகச் செய்தது. ஒரு ஊர் பூவின் பெயரை வைத்தது, இன்னொரு ஊர் பழத்தின் பெயரை. டெக்சஸ்காரர்கள் பருத்தியை வைத்தார்கள்.

கலிபோர்னியாவில் முதன்முதலாக நடந்த ஆட்டம் ஒரேயடியாக ஒருதலையாகப் போய், தோற்றவர்கள் பாதியிலேயே போதும் சாமி என்று நிறுத்திக்கொண்டார்களாம். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த பல வருஷங்களுக்குப் பந்தையே விட்டுவிட்டுக் குதிரை பூட்டிய ரதப் பந்தயம் நடத்தினார்கள். ஒரு வருஷம் தீக்கோழிகளைக்கூட ஓடவிட்டார்கள். லைப்ரரியில் இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட, புத்தகம் கொடுக்கிற அம்மா என்னை முறைத்தாள்.

ஆம், லைப்ரரி. முதல் வருஷம் எனக்குக் கார் கிடையாது, சிநேகிதர்களும் கிடையாது. ஹெப்சிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, சனி ஞாயிறிலும் டியூட்டி. நான் லைப்ரரிக்குப் போய்ப் பழைய பேப்பர்களை மைக்ரோஃபிலிமில் ஓட்டிப் பார்ப்பேன். ஆபீசில் எல்லோரும் பேசுவது ஃபுட்பால் என்பதால், அதையே படித்தேன். பரீட்சைக்குப் படிக்கிற புத்தி நமக்கு எங்கே போகும்?

எங்களுக்குத் தெற்கே, பள்ளத்தாக்கில், திராட்சை காயவைக்கிற ஊர் ஒன்றில் ஒரு சின்ன பௌல் நடந்தது. பெரிய டிவிக்காரர்கள் கண்டுகொள்ளாத ஆட்டம். கடற்கரைப் பக்கத்து அணி ஒன்று, பனிப்பிரதேசத்து அணி ஒன்று. டிசம்பரில் அங்கே தரையோடு தரையாக ஒரு மூடுபனி இறங்கும். அதன் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து படித்தால் ஒன்று புரியும். நம்ம பக்கத்து அணிகள் பந்தை உயரமாக எறிந்து ஆடுகிறவர்கள். பனிக்காரர்கள் பந்தை வயிற்றில் இடுக்கிக்கொண்டு இடித்துக்கொண்டே ஓடுகிறவர்கள். மூடுபனி இறங்கினால் எறிந்த பந்து எங்கே போயிற்று என்று பிடிக்கிறவனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் இடிக்கிறவன்தான் ஜெயிப்பான். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

ஆபீஸில் ஒரு பலகையில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதி ஒட்டுகிற வழக்கம் உண்டு. ஜெயித்தவருக்கு மற்றவர்கள் டோனட் வாங்கிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் நம்ம பக்கத்து அணியை எழுதினார்கள். நான் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பனிக்காரர்களை எழுதினேன். ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் நல்ல வெயில் என்று சொன்னார்கள், நான் மாற்றி எழுதினேன். அதுவும் பலித்தது.

"எப்படிச் சொன்னே?" என்று கேட்டார்கள். லைப்ரரி என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? திரும்பி அந்தக் காலண்டரைப் பார்த்து, லேசாகச் சிரித்து, ஒன்றும் பேசாமல் டோனட்டை எடுத்துக்கொண்டேன். அகராதி பிடித்தவன்.

நாள் சரியில்லை

மூன்றாவது வருஷம் அந்தத் திராட்சை ஊர் ஆட்டத்துக்குத் தேர்வானது கெவினுடைய அணி. அப்படித்தான் பர்த் சர்ட்டிபிகேட் என் மேசைக்கு வந்தது.

வால்டை நீங்கள் முட்டாள் என்று நினைக்கக் கூடாது. டெக்சஸில் வளர்ந்தவர். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் என்றால் ஊரே கடையடைத்துவிட்டு மைதானத்துக்குப் போகும். மகன் ஆடுகிற பருவம் முழுக்க ஒரே தொப்பியைத் துவைக்காமல் போட்டுக்கொள்வார். தொப்பியை நம்புகிறவர் காலண்டரை நம்பமாட்டாரா?

அன்று செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து ஹெப்சியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"விரல் மூணு வாரமா மரத்துக் கெடக்குன்னா சொன்னாங்க?"

"ரெண்டு விரல்தான்."

"ரெண்டு விரல்தான்னு சொல்லுதீங்க. கழுத்துல நரம்பு இழுபட்டுருக்கும்ங்க. இன்னொரு இடி விழுந்தா கை மொத்தமும் போயிரும். எங்க வார்டுல பைக்குல விழுந்த ஒருத்தனைப் பாத்தேன்." கையைத் துடைத்துக்கொண்டு போனைக் காட்டினாள். "நம்பரப் போடுங்க, நானே பேசுதேன். டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லச் சொல்லுதேன்."

அப்போது போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் தெரியுமா? நர்ஸ் பெண்டாட்டி பேசினால் அது மருத்துவம் ஆகிவிடும். இரண்டு வருஷமாகக் கட்டிய என் கோபுரம் விழுந்துவிடும். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கூசுகிறது. "நான் பார்த்துக்கறேன், நீ சும்மா இரு," என்றேன்.

மறுநாள் காலையில் வால்டின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை அவனுக்கு நாள் சரியில்லை. இறங்கவே கூடாது," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதிதான். அன்றைக்கே கெவினுக்குப் போன் பண்ணி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையன் கத்தியிருக்கிறான், அழுதிருக்கிறான், கடைசியில் அப்பா பேச்சுக்குக் கட்டுப்பட்டு கோச்சிடம் கை வலி என்று சொல்லிவிட்டான்.

ஒரு பொய்யால் ஒரு பையனின் கை பிழைத்தது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஹெப்சிக்குப் பிடிக்கவில்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, சரி. ஆனா பொய் நிக்காதுங்க," என்றாள். போதகர் மகள் அப்படித்தான் பேசுவாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

சாப்பிட்டுவிட்டு வந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் லிண்டா நின்றிருந்தாள். பாகங்களைக் கோர்க்கிற அசெம்பிளிப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். அதுவரை ஹலோ தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் ஒரு சின்னச் சீட்டு.

"நீ நாள் பார்க்கறதா வால்ட் சொன்னார்," என்றாள். "எங்கம்மாவுக்கு மார்பில் கட்டி. டாக்டர் திங்கட்கிழமை ஆபரேஷன்னு சொல்றார். அம்மா பொறந்த தேதி இதுல இருக்கு. திங்கட்கிழமை போகலாமா, தள்ளிப் போடலாமா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். நான் தள்ளிப் போடு என்றால் அவள் தள்ளிப் போட்டுவிடுவாள். அப்படியே தள்ளிப் போட்டுவிடுவாள். கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"டாக்டர் சொன்ன நாள்தான் நாள். போ, கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். நான் சீட்டைத் திருப்பி அவள் கையில் திணித்துவிட்டு, நேராக வால்ட் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. உட்காரவும் இல்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கிறிஸ்தவன், எனக்கு ஜாதகமே கிடையாது, காலண்டர் மளிகைக் கடையில் சும்மா கொடுத்தது, ஜெயிக்கிற அணியைச் சொன்னது லைப்ரரியில் படித்த சரித்திரத்தை வைத்து, நாள் சரியில்லை என்றது பச்சைப் பொய். மூச்சு வாங்க நின்றேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

வால்ட் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்போ சனிக்கிழமைல ஒண்ணும் இல்ல?"

"நாள்ல ஒண்ணும் இல்ல. ஆனா வால்ட், விரல் மரத்திருக்கறது நிஜம். என் மனைவி நர்ஸ், அவ சொல்றா..."

"செல்," என்று என் தோளில் கை வைத்தார். கோபமே இல்லை. "ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திட்டு இப்ப டாக்டர் வேலையும் பார்க்கறியா? டீம் டாக்டர் சரின்னு சொல்லியாச்சு. இந்த வாரத்துல நான் கேட்ட நல்ல சேதி இதுதான்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "டாக்டர்கிட்ட விரலைப் பத்திச் சொன்னானான்னு மட்டும் கேளுங்க," என்றேன். அவர் ஒரு விரலைத் தூக்கி என்னைப் பொறு என்றார். அதற்குள் அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள்.

"மகனே," என்றார் வால்ட், "கோச்கிட்ட கை சரியாயிடுச்சுன்னு சொல்லு."

வெயில் அடித்த நாள்

சாயங்காலம் ஹெப்சி இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வால்ட் ஆபீஸிலிருந்தே நேராகத் திராட்சை ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

சனிக்கிழமை மூடுபனி இல்லை. பளிச்சென்று வெயில். ஒரு சின்ன சேனலில் காட்டினார்கள். ஹெப்சி டியூட்டி முடிந்து வந்தவள் யூனிபாரம்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு யார் ஜெயிக்கிறார்கள், யார் தோற்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படவில்லை. கெவின் சட்டை நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அவன் மோதி எழுந்திருக்கும்போதும் அவள் என் கையை இறுக்கி, பிறகு விட்டாள்.

மூன்றாவது கால்பகுதி. ஒரு பெரிய ஆள் பந்தோடு வந்தான். கெவின் தலையைத் தாழ்த்தி வலது தோளைக் கொடுத்தான். பெரிய மோதல்கூட இல்லை. இதைவிடப் பெரியது பத்து பார்த்துவிட்டோம். அவன் எழுந்தான், தானாகவேதான் எழுந்தான். ஆனால் வலது கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஓரத்துக்கு நடந்துபோனான். கூட்டம் கைதட்டியது. வர்ணனைக்காரர் நெஞ்சுரம் உள்ள பையன் என்றார்.

"போச்சு," என்றாள் ஹெப்சி. டிவியில் கார் விளம்பரம் போட்டார்கள்.

கெவினுடைய அணிதான் ஜெயித்தது. திங்கட்கிழமை யாரோ என் மேசையில் டோனட் பெட்டி வைத்திருந்தார்கள். நான் அந்த வருஷம் பலகையில் ஒன்றும் எழுதவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. பெட்டியைத் திறக்காமல் குப்பையில் போட்டேன். காலண்டரையும் கழற்றிப் போட்டேன். லிண்டா அன்று வேலைக்கு வரவில்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வால்ட் திரும்பி வந்தார்

ஜனவரியில் ஒருநாள் வந்தார். இளைத்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. கெவினுக்கு நரம்பு முதுகுத்தண்டிலிருந்தே பிய்ந்துவிட்டது, தைக்க முடியாது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்ற சேதி அதற்கு முன்பே ஆபீஸுக்கு வந்திருந்தது. இருபத்தொரு வயசுப் பையன் இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

நான் அவர் அறைக்குப் போகத் தைரியம் இல்லாமல் இரண்டு நாள் சுற்றிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் அவரே என் இடத்துக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "நான் அன்னைக்கே என் மனைவியைப் பேசவிட்டிருக்கணும் வால்ட்," என்று ஆரம்பித்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "உன் மேல தப்பு இல்ல. போன் பண்ணினது நான். உன் மனைவி பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு அவன் ஆடணும்னுதான் ஆசை." என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும், செல். கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"கேளுங்க."

"உண்மையைச் சொன்னே, சரி. அதை நீ ஆட்டம் முடிஞ்சு, திங்கட்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா?"